மூடுலா, கேன்வாஸா, கிளாஸ்ரூமா: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று எந்தத் தளத்துக்கு மாறலாம்?

பாடம் பல்கலைக்கழகத்திடம் இருக்க வேண்டும். மூடுல், கேன்வாஸ், கூகுள் கிளாஸ்ரூம் போன்ற இணையவழிக் கற்றல் தளத்தை மாற்றுவதற்காகக் கூடும் எந்தக் குழுவும் இந்த ஒரு வரியை முதலில் எழுதிவைத்துக்கொண்டு பேசத் தொடங்கினால் பாதி விவாதம் தானாகவே அடங்கிவிடும். எதில் திரை அழகாக இருக்கிறது, எதில் செயற்கை நுண்ணறிவு வசதி சேர்ந்திருக்கிறது, எந்த நிறுவனத்தார் நன்றாக விளக்கினார்கள் என்பதெல்லாம் பிறகு பார்க்க வேண்டியவை. ஓர் ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த வினாத் தொகுப்பு, அவர் வேறு ஊருக்குப் போன பிறகும் துறையில் இருக்குமா? தளத்தை விட்டு விலக நேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு போக முடியுமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் எந்தத் தளம் நேராக விடை சொல்கிறது என்ற கோணத்தில்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

நான் மனத்தில் வைத்திருப்பது தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றை. வளாகத் துறைகள், உறுப்புக் கல்லூரிகள், தொலைநிலைக் கல்வி எல்லாம் சேர்த்து 20,000 மாணவர்கள் என்று கொள்வோம். பெரும்பாலானோரிடம் இருப்பது கைப்பேசி மட்டும். ஆசிரியர்களில் கணிசமானோர் கௌரவ விரிவுரையாளர்கள். அடுத்த ஆண்டு அவர்கள் அதே கல்லூரியில் இருப்பார்கள் என்ற உறுதி இல்லை. கணினி மையத்தில் இருக்கும் சிலரே தேர்வு முடிவு வெளியிடுவது முதல் வைஃபை பழுது பார்ப்பது வரை எல்லாவற்றையும் சுமக்கிறார்கள். ஐ.ஐ.டி.க்கோ, கட்டணம் வாங்கிப் பணம் சேர்த்த தனியார் பல்கலைக்கழகத்துக்கோ பொருந்தும் விடை இவர்களுக்குப் பொருந்தாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது யாரும் குழு கூட்டவில்லை. ஆசிரியர்கள் கையில் கிடைத்ததை வைத்து வகுப்பை நடத்தினார்கள்: கூகுள் கிளாஸ்ரூம், வாட்ஸ்அப் குழு, கூகுள் மீட். பலர் தங்கள் சொந்த ஜிமெயில் கணக்கிலேயே வகுப்புகளைத் திறந்தார்கள். அந்த நேரத்தில் அது பெரும் சேவை. ஆனால் பல இடங்களில் அந்த ஏற்பாடே நிரந்தரமாகிவிட்டது. ஆசிரியர் விலகினால் அவருடைய கணக்கோடு பாடக் குறிப்பு, வினாக்கள், மாணவர் ஒப்படைத்த கட்டுரைகள், உள்மதிப்பீட்டு மதிப்பெண் எல்லாமே போய்விடுகின்றன. அடுத்து வருபவர் வெற்றுத் திரையிலிருந்து தொடங்குகிறார். மாற்றம் தேவை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறு வேண்டியதில்லை. உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் குழு வரும்போது காட்டுவதற்கு ஒரு தளம் வேண்டும் என்ற காரணத்துக்காக மட்டும் மாறுவதானால் அந்தச் செலவே வேண்டாம்.

இருப்பதிலேயே இருப்பது

கிளாஸ்ரூமை விட்டு விலகத்தான் வேண்டுமா என்பதே முதல் கேள்வி. 2014இல் வந்த அந்தத் தளத்தின் எளிமைக்கு இணையாக வேறெதுவும் இல்லை. கணினியோடு பழக்கமில்லாத மூத்த பேராசிரியர்கூட அரை மணி நேரத்தில் அதில் வகுப்பைத் திறந்துவிடலாம். பல்கலைக்கழகத்தின் சொந்த டொமைன் (இணைய முகவரி) பெயரில் கல்விக்கான கூகுள் கணக்குகளைப் பெற்று அதில் நடத்தினால், ஆசிரியர் விலகும்போது வகுப்பின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர நிர்வாகியால் முடியும். இந்த ஒன்றைச் செய்தாலே இன்றைய சிக்கலில் ஒரு பகுதி தீரும். எந்த முடிவு எடுத்தாலும் சொந்த ஜிமெயிலில் வகுப்பு நடத்துவதை நிறுத்தும் சுற்றறிக்கை முதலில் போக வேண்டும்.

ஆனால் கிளாஸ்ரூம் வகுப்பறைக்காகச் செய்யப்பட்டது, பல்கலைக்கழகத்துக்காக அல்ல. ஒரு வகுப்பில் 20 ஆசிரியர்கள், மொத்தம் 1,000 உறுப்பினர்கள் என்பது அதன் எல்லை. முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பொதுத்தமிழ்த் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா உறுப்புக் கல்லூரிகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத் தொகுப்பு, ஒரே தரத்தில் மதிப்பீடு என்று நடத்த விரும்பினால் கிளாஸ்ரூமில் அதற்கு இடமில்லை. வினாக்களை அலகு வாரியாகச் சேமித்து, ஒவ்வொரு மாணவருக்கும் அதிலிருந்து வெவ்வேறு வினாக்களை எடுத்துக் கொடுக்கும் வினா வங்கியும் இல்லை. கூகுள் படிவம் வினாக்களின் வரிசையை மாற்றித் தரும். தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுத்துத் தராது.

இலவசம் என்பதற்கும் காலக்கெடு உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாச் சேமிப்பிடம் என்று சொல்லிவந்த கூகுள், அது முடிவுக்கு வருவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தது. 2022 ஜூலை முதல் நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்றானது. 20,000 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 5 ஜிபி. வகுப்புக் காணொளிகளும், மாணவர்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பும் கையெழுத்து ஒப்படைப்புகளும் அதை வேகமாகவே தின்றுவிடும். இணைவுக் கல்லூரிகளையும் சேர்த்து ஒரு லட்சம் கணக்குகள் கொடுத்துவிட்ட பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு 1 ஜிபிதான். கூகுள் ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்லவில்லை. விதியை எழுதுபவர்கள் அவர்கள். நம்முடைய ஆட்சிமன்றக் குழுவுக்கு அதில் எந்தக் குரலும் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வாடகைக்கு எடுப்பது

அடுத்தது, ஆண்டுச் சந்தா கட்டி நிறுவனம் ஒன்றின் தளத்தைப் பயன்படுத்துவது. இதில் இன்று முன்னால் நிற்பது கேன்வாஸ். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2008இல் தொடங்கிய இன்ஸ்ட்ரக்சர் நிறுவனத்தின் தளம் இது. பயன்படுத்திப் பார்த்தவர்கள் அதைப் புகழ்வதில் நியாயம் இருக்கிறது. மாணவர் ஒப்படைப்பைத் திரையின் ஒரு பக்கத்தில் திறந்து, மேலேயே குறிப்பெழுதி, மறுபக்கத்தில் மதிப்பெண் போட்டு, அடுத்த மாணவருக்கு நகரும் அதன் திருத்தும் திரை மிகச் சிறப்பானது. ஒரு தாளுக்கு 120 ஒப்படைப்புகளைத் திருத்தும் ஆசிரியருக்கு அது மாலைப் பொழுதுகளைத் திருப்பித் தரும். பராமரிப்பு முழுவதும் நிறுவனத்தின் பொறுப்பு என்பதால், பதிப்பு மேம்படுத்தல், பாதுகாப்புத் திருத்தம், நள்ளிரவில் சேவையகம் (சர்வர்) நின்றுபோவது ஆகிய கவலைகள் நம் கணினி மையத்துக்கு இல்லை. ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் நிறுவனத்துக்கு இது சிறிய விஷயமல்ல.

செலவைக் கணக்கிடும் முறை எளிது: மாணவர் எண்ணிக்கையை ஆண்டுக் கட்டணத்தால் பெருக்க வேண்டும். பேச்சுவார்த்தையில் எந்த விலைக்கு வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்குக்காகத் தலைக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 பேருக்கு ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய். மாதம் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் ஐந்து பொறியாளர்களை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும் தொகை அது. மாணவர் சேர்க்கை கூடினால் கட்டணமும் கூடும். நிதிநிலை இறுகும் ஓர் ஆண்டில் கட்ட முடியாமல் போனால் அடுத்த பருவத்துக்குத் தளமே இருக்காது. ஓய்வூதியம் கொடுக்கவே திணறும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் நம்மிடையே இருக்கும்போது இதைக் கற்பனை அச்சம் என்று தள்ளிவிட முடியாது.

என்னை இதைவிட அதிகமாக யோசிக்க வைப்பது உரிமையாளர்கள் மாறும் வேகம். இன்ஸ்ட்ரக்சரை 2020இல் தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2021இல் அது மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024இல் கே.கே.ஆர். நிறுவனமும் கூட்டாளிகளும் சேர்ந்து ஏறத்தாழ 480 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ஐந்தே ஆண்டுகளுக்குள் இத்தனை கைமாற்றம். ஒரு மாணவர் முனைவர் பட்டம் முடிக்க இதைவிடக் கூடுதல் காலம் ஆகிறது.

இதேபோன்ற இன்னொரு சந்தாத் தளமான பிளாக்போர்டின் வரலாறு இன்னும் நீண்டது. 1997இல் தொடங்கிய அந்நிறுவனம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த வெப்சிடியை 2006இலும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் வேர்கொண்ட ஏஞ்சல் தளத்தை 2009இலும் வாங்கியது. இரண்டு தளங்களும் காலப்போக்கில் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த பல்கலைக்கழகங்கள் தாங்கள் கேட்காத ஓர் இடமாற்றத்துக்கு ஆளாயின. பிறகு பிளாக்போர்டே 2011இல் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், 2021இல் அந்தாலஜி என்ற கல்வி மென்பொருள் நிறுவனத்தோடு இணைந்தது. அந்த அந்தாலஜி 2025 செப்டம்பரில் அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தின் கீழ், கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்பு கோரியது. தளம் மறுநாளே நின்றுவிடவில்லை. ஆனால் பருவத்தின் நடுவில் இந்தச் செய்தியைப் படித்த பதிவாளர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பெரிய நிறுவனங்கள் இணையம் வழியே வாடகைக்குத் தரும் சேவையகங்களில், அதாவது மேகச் சேவையில், இருப்பதால் எப்போதும் நிற்காது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் மேகச் சேவையின் அமெரிக்கக் கிழக்குப் பகுதி தடுமாறியபோது கேன்வாஸும் பல மணி நேரம் நின்றது. நம் சேவையகம் நிற்கவே நிற்காது என்று யாராலும் சொல்ல முடியாதுதான். நின்றால் யாரை எழுப்ப வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு சட்டக் குறிப்பும் தேவை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில தளர்வுகள் உண்டு என்றாலும், ஜூனில் சேரும் முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான். அவர்களுடைய பெயர், மதிப்பெண், எப்போது எங்கிருந்து நுழைந்தார்கள் என்ற பதிவு எல்லாம் எந்த நாட்டுச் சேவையகத்தில், யார் பொறுப்பில் இருக்கின்றன என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் எந்தத் தளத்தையும் வாடகைக்கு எடுக்கக் கூடாது.

நாமே உருவாக்கலாமே என்ற யோசனை

குழுவில் எப்போதும் ஒருவர் இதை எழுப்புவார். நம் கணினித் துறை மாணவர்களே செய்துவிடுவார்கள் என்பார். இதற்கு விடை சிங்கப்பூரில் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 1998லேயே ஐ.வி.எல்.இ. என்ற தளத்தைச் சொந்தமாக உருவாக்கியது. ஆசியாவில் வெகுசிலரே இதைப் பற்றி யோசித்த காலம் அது. இருபது ஆண்டுகள் ஓடிய பிறகு 2018இல் லூமினஸ் என்ற புதிய தளத்துக்கு மாறத் தொடங்கியது. அதுவும் நிலைக்கவில்லை, 2022 ஆகஸ்டில் தொடங்கிய கல்வியாண்டில் கேன்வாஸுக்கு மாறிவிட்டது. பணமும் திறமையும் ஆட்களும் குறைவில்லாத பல்கலைக்கழகம் அது. அதன் இரண்டாவது தளமே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்தான் நிலைத்தது என்றால், மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணியை நம்பி 20,000 பேரின் மதிப்பெண்களை வைப்பது நியாயமல்ல.

இங்கிலாந்தின் இரண்டு பழைய பல்கலைக்கழகங்களும் இதே பாதையில் வேறு விதமாக நடந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் வெப்லேர்ன், கேம்பிரிட்ஜின் கேம்டூல்ஸ் இரண்டும் சக்காய் என்ற திறமூலத் தளத்தின் (மூலநிரலை எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய தளத்தின்) மேல் எழுப்பப்பட்டவை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான மிச்சிகன், இந்தியானா, எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு சேர்ந்து 2004இல் தொடங்கிய முயற்சி சக்காய். நிறுவனங்களின் பிடியில் சிக்காமல் பல்கலைக்கழகங்களே சேர்ந்து நடத்தும் தளம் என்ற அழகான எண்ணம் அது. ஆனால் நிறுவிய பல்கலைக்கழகங்களே ஒவ்வொன்றாக விலக, பராமரிக்கும் கைகள் குறைந்தன. ஆக்ஸ்ஃபோர்டு கேன்வாஸுக்குப் போனது. கேம்பிரிட்ஜ் மூடுலுக்குப் போனது. ஒரே இடத்திலிருந்து புறப்பட்ட இருவரும் வெவ்வேறு இடங்களில் போய்ச் சேர்ந்து, இரண்டு இடத்திலும் பாடம் நன்றாகத்தான் நடக்கிறது. தளத்தின் பெயரைவிட அதை நடத்தும் ஆட்கள் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஓப்பன் எடெக்ஸ் பற்றி ஒரு பத்தி போதும். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் 2012இல் தொடங்கிய எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் மூலநிரல் அது, ஐ.ஐ.டி. பம்பாய் தன் இணையப் பாடங்களை அதில் நடத்தியிருக்கிறது. காணொளியைப் பார், கேள்விக்கு விடையளி, அடுத்ததற்குப் போ என்று தன் வேகத்தில் படிக்கும் பல்லாயிரம் பேருக்கு அது பொருத்தமானது. தொலைநிலைக் கல்விப் பிரிவு பெரிதாக வளர்ந்தால் யோசிக்கலாம். வாரம் ஐந்து மணி நேரம் வகுப்பறையில் சந்திக்கும் மாணவர்களுக்கு அது தேவையில்லாத கனம். நிறுவிப் பராமரிப்பதும் மூடுலைவிடக் கடினம்.

மூடுலும் அதன் உண்மையான விலையும்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய மூடுலின் முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளிவந்தது. தான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் வெப்சிடி தளத்தைப் பராமரித்துச் சலித்தவர் அவர் என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி. பொது உரிமத்தில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் நிறுவலாம், மாற்றலாம், வேறு சேவையகத்துக்கு எடுத்துச் செல்லலாம். மாணவர் எண்ணிக்கை 200 ஆனாலும் இரண்டு லட்சமானாலும் உரிமக் கட்டணம் இல்லை.

என் முதல் கேள்விக்கு மூடுல் தரும் விடை தெளிவானது. பாடம் ஆசிரியரின் கணக்கில் இல்லை, தளத்தில் இருக்கிறது. ஆசிரியர் அதில் ஒரு பொறுப்பை ஏற்கிறார், பிறகு இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு பாடம் முழுவதையும் ஒரே கோப்பாகப் பிரதியெடுத்து வேறொரு மூடுலில் அப்படியே விரிக்கலாம். வினா வங்கியை அலகு, கடினநிலை என்று பிரித்துவைத்து, தேர்வின்போது ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு வினாக்களை எடுக்கச் சொல்லலாம். அந்த வங்கியை எக்ஸ்எம்எல் கோப்பாகவோ, குறிப்பேட்டில் தட்டச்சு செய்யக்கூடிய எளிய உரைக் கோப்பாகவோ வெளியே எடுக்க முடிவதால் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. கேன்வாஸிலிருந்தும் பாடத்தைப் பொதுத் தர வடிவில் ஏற்றுமதி செய்யலாம். அந்த நிறுவனத்தின் மூலநிரலிலும் பெரும் பகுதி திறந்தே இருக்கிறது. ஆனால் அதன் புதிய வினாத் தேர்வுக் கருவி திறமூலம் அல்ல. நாம் மிகவும் கவலைப்படும் பகுதியிலேயே கதவு பாதி சாத்தியிருக்கிறது.

இலங்கையில் 2020இல் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்பு இருக்கிறது. பெருந்தொற்றின்போது அந்த வலையமைப்பில் இருந்த பல்கலைக்கழகச் சேவையகங்களை மாணவர்கள் அணுகுவதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தரவுக் கட்டணம் வாங்கவில்லை. ஜூம் வகுப்புகளும் லேர்ன் வழியாகவே ஏற்பாடு செய்யப்பட்டன. கையில் காசில்லாத மாணவரும் தன் பல்கலைக்கழகத் தளத்துக்குள் நுழைந்து பாடக் குறிப்பை இறக்கிக்கொள்ள முடிந்தது. தளம் நாட்டுக்குள், அடையாளம் காணக்கூடிய முகவரியில், பொதுத்துறையின் கையில் இருந்ததால்தான் இந்தச் சலுகையைக் கேட்கவும் கொடுக்கவும் முடிந்தது. தமிழ்நாட்டில் 2021 ஜனவரியில் அரசு வேறு வழியை எடுத்தது: 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டை என்று அறிவித்தது. அதுவும் நல்ல உதவிதான். ஆனால் நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும் உதவி அது. பாடங்கள் நம் சேவையகங்களில் இருந்திருந்தால், அந்தச் சேவையகங்களுக்குக் கட்டணமில்லாத அணுகல் வேண்டும் என்று நிரந்தரமாகவே பேசியிருக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மூடுல் இலவசம் என்று குழுவில் யாராவது சொன்னால் அவரைத் திருத்த வேண்டும். மூடுலின் விலை சம்பளத்தில் இருக்கிறது. நிரல், தரவுத்தளம், கோப்புகள் என்ற மூன்றையும் நாள்தோறும் பிரதியெடுத்து வேறிடத்தில் வைக்க ஆள் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வருகிறது. நீண்டகால ஆதரவுப் பதிப்பையே பிடித்துக்கொண்டிருந்தாலும் அதற்கான பாதுகாப்புத் திருத்தம் மூன்றாண்டுகளில் முடிந்துவிடும். அதற்குள் அடுத்த பதிப்புக்கு ஏற வேண்டும். ஏறாமல் விட்ட பழைய மூடுல்கள் எத்தனையோ கல்லூரிகளில் தூசு படிந்து, தாக்குபவர்களுக்குத் திறந்த வாசலாக நிற்கின்றன. நிறுவியவர் வேலை மாறிப் போனதும் நிர்வாகிக் கடவுச்சொல்லே யாரிடமும் இல்லாமல் போவதும் நடக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய சோதனை தேர்வு நேரம். சாதாரண நாளில் 20,000 மாணவர்கள் நாள் முழுவதும் சிதறி நுழைகிறார்கள். நடுத்தரச் சேவையகம் ஒன்றே தாங்கும். உள்மதிப்பீட்டுத் தேர்வன்று காலை 10 மணிக்கு 3,000 பேர் ஒரே நொடியில் தொடங்கினால் கதை வேறு. ஒவ்வொரு விடையும் தரவுத்தளத்தில் எழுதப்படுகிறது. விடைகள் சிறிது நேரத்துக்கு ஒருமுறை தானாகவும் சேமிக்கப்படுகின்றன. தரவுத்தளத்தைத் தனி இயந்திரத்தில் வைப்பது, உள்ளே நுழைந்திருப்பவர்களின் அமர்வுப் பதிவுகளை ரெடிஸ் என்ற வேகமான நினைவகச் சேமிப்பில் வைப்பது, துறைவாரியாகப் பத்து நிமிட இடைவெளியில் தேர்வைத் தொடங்குவது போன்ற வழிகள் உண்டு. மூடுலுக்குள்ளேயே போலி மாணவர்களை உருவாக்கிச் சுமைச் சோதனைக்கு ஆயத்தம் செய்துதரும் வசதியும் இருக்கிறது. அந்தச் சோதனையை உண்மையான எண்ணிக்கையில் செய்து பார்க்காமல் முதல் தேர்வை நடத்துவது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி. முதல் தேர்வில் தளம் படுத்துவிட்டால் ஆசிரியர்களின் நம்பிக்கை அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் திரும்பாது.

பயன்பாட்டு எளிமையில் மூடுல் பின்தங்கியிருந்தது உண்மை. 2022 ஏப்ரலில் வந்த 4.0 பதிப்பு திரையமைப்பை வெகுவாகச் சீராக்கியது. இருந்தும் ஒரு தேர்வை அமைக்கத் திறந்தால் வரும் அமைப்புகளின் நீளம் புதியவரை மிரட்டும். தேவையில்லாதவற்றை மறைத்து, பல்கலைக்கழகத்தின் உள்மதிப்பீட்டு முறைக்கு ஏற்ற இயல்பு மதிப்புகளை முன்கூட்டியே அமைத்துத் தருவது கணினி மையத்தின் வேலை. ஒப்படைப்பைத் திருத்தும் திரையில் கேன்வாஸுக்கு மூடுல் ஈடாகாது. இதை மறைக்காமல் ஆசிரியர்களிடம் சொல்லிவிட வேண்டும். கைப்பேசிச் செயலியில் பாடத்தை முன்பே இறக்கிவைத்து இணையம் இல்லாதபோது படிக்கலாம் என்பது மட்டும் கிராமத்து மாணவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

தமிழில் இருக்கும் பாடங்கள்

ஒப்பீட்டுப் பட்டியல்களில் இந்தத் தலைப்பு பெரும்பாலும் இருப்பதே இல்லை. எனக்கு இதுதான் மிகவும் நெருக்கமானது. தமிழ், வரலாறு, பொருளியல் துறைகளின் பழைய பாடக் குறிப்புகளும் வினாத்தாள்களும் பாமினி, வானவில் போன்ற எழுத்துரு முறைகளில் கிடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை (யுனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டை) ஏற்றுக்கொண்டது. அச்சகங்களிலும் துறை அலுவலகக் கணினிகளிலும் பழைய பழக்கம் இன்னும் நீங்கவில்லை. அந்தக் கோப்பை எந்தத் தளத்தில் ஏற்றினாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல். தேடினால் கிடைக்காது. பார்வைச் சவாலுள்ள மாணவரின் திரைவாசிப்பு மென்பொருள் அதைப் பொருளற்ற ஒலிகளாக வாசிக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகத்தக்க வடிவில் பாடங்களைத் தரச் சொல்கிறது. தளத்தை மாற்றுவதால் மட்டும் அந்தக் கடமை நிறைவேறாது.

ஒருங்குறியிலும் நுட்பமான ஓர் இடர் உண்டு. 'கொ' என்ற எழுத்தை ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு. மாணவர் 'தொல்காப்பியம்' என்று சரியாகத் தட்டச்சு செய்தும் தளம் தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்தால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்? மூடுலின் குறுவிடை வினா, ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருகிறது. சேவையகத்தில் அதற்கான துணை மென்பொருள் (மூடுல் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் நீட்சி) நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியும் 'ள' எழுத்தும் தட்டச்சு செய்யப்பட்டால் எந்தத் தளமும் தானாகக் கண்டுகொள்ளாது. ஆசிரியரே அதையும் ஏற்கத்தக்க விடையாகச் சேர்த்துவைக்க வேண்டும். எந்த நிறுவனம் செயல்விளக்கம் தர வந்தாலும், முதலில் இந்தச் சோதனையைக் கைப்பேசியில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

என் பரிந்துரை

நான் விவரித்த பல்கலைக்கழகத்துக்கு மூடுல். ஆனால் ஒரு நிபந்தனையோடு: குறைந்தது இரண்டு முழுநேரப் பணியிடங்கள், அந்தத் தளத்துக்கென்றே, ஆட்சிமன்றக் குழுவின் ஒப்புதலோடு உருவாக்கப்பட வேண்டும். ஒருவர் சேவையகத்தையும் பதிப்பு மேம்படுத்தலையும் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடத்தை அமைத்துத் தருவார். இரண்டாவது பணியிடத்தைத்தான் நிதிப்பிரிவு முதலில் வெட்டப் பார்க்கும். விட்டுக்கொடுக்கக் கூடாதது அதுவே. இந்தப் பணியிடங்கள் கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தால், பல்கலைக்கழக டொமைனில் ஒழுங்காக நடத்தப்படும் கிளாஸ்ரூமே மேல். கவனிப்பாரற்ற மூடுல், இருப்பதைவிட மோசமான நிலை. நிதி வளமும் ஆசிரியர் நிலைத்தன்மையும் உள்ள நிறுவனம் கேன்வாஸை எடுத்தால் அதில் தவறு காண மாட்டேன்; விலகும்போது வினா வங்கி எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும் என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கட்டும். நேரலை வகுப்புக்கு மீட்டையோ ஜூமையோ இன்றுபோலவே தொடரலாம். எல்லாவற்றையும் ஒரே தளத்தில் அடைக்க வேண்டியதில்லை.

நிறுவித் தருவதற்கு வெளி நிறுவனத்தை ஒப்பந்தப்புள்ளி வழியாக எடுப்பதில் தவறில்லை. குறைந்த விலைக்காரருக்கே வேலை போகும் என்பதால் நிபந்தனைகளை முன்பே இறுக்கி எழுத வேண்டும். டொமைன் பெயர் பல்கலைக்கழகத்தின் பெயரில் பதிவாக வேண்டும். நிர்வாகிக் கணக்கு பதிவாளர் அலுவலகத்தின் பொறுப்பில் இருக்க வேண்டும். தரவுத்தளத்தின் முழுப் பிரதி மாதந்தோறும் பல்கலைக்கழகத்தின் கைக்கு வர வேண்டும். அதை வேறொரு கணினியில் விரித்து இயக்கிக் காட்டிய பிறகே அந்த மாதத் தொகை வழங்கப்பட வேண்டும்.

இடமாற்றத்தின்போது பழையதை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும் ஆசை வரும். வேண்டாம். முடிந்துபோன பருவங்களின் வகுப்புகளைப் படிக்க மட்டும் முடிகிற நிலையில் காப்பகமாக வைத்தால் போதும். மதிப்பெண்கள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மாணவர் பட்டியல் அவருடைய தரவுத்தளத்திலிருந்து பதிவு எண்ணின் அடிப்படையில் நேராகப் புதிய தளத்துக்கு வர வேண்டும். ஆசிரியர்கள் பெயர்களைத் தட்டச்சு செய்யும் நிலை ஒரு நாள்கூட வரக் கூடாது. கையோடு கொண்டுவர வேண்டியவை பாடக் குறிப்புகளும் வினாக்களும். ஜூன் பருவத்தில் மூன்று துறைகள்: அறிவியலில் ஒன்று, வணிகவியல், தமிழ். டிசம்பர் பருவத்தில் வளாகத் துறைகள் முழுவதும். உறுப்புக் கல்லூரிகள் அதற்கு அடுத்த ஆண்டு. அதுவரை கிளாஸ்ரூம் ஓடட்டும். எந்த ஆசிரியரையும் ஒரே பருவத்தில் இரண்டு தளங்களில் பாடம் நடத்தச் சொல்லக் கூடாது.

வினாக்களைச் சேகரித்து ஒருங்குறிக்கு மாற்றும் வேலைக்கு மட்டும் குழுவின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடை விடுமுறையில் ஒவ்வொரு துறையும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளட்டும். அலகுக்கு 40 வினாக்கள், எளிய உரைக் கோப்பில், விடையோடும் கடினநிலையோடும், எழுதிய ஆசிரியரின் பெயரோடும். கௌரவ விரிவுரையாளர்கள் இதில் பங்கெடுத்தால் அதற்கான மதிப்பூதியம் கணக்கிட்டுத் தரப்பட வேண்டும். எந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் கோப்புகள் அதற்குள் போகும்.